மூன்றாவது மேஜையில் மட்டும்

பிப்ரவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நான் சுகம். முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது, மற்றபடி குறை இல்லை. உன் தொண்டைக்கட்டு விட்டதா? உப்புக்காற்று படாமல் கழுத்தில் துணி சுற்றிக்கொள் என்றால் நீ கேட்கவா போகிறாய்.

உங்கள் தீவுக்குப் போன் இருந்தால் இரண்டே வார்த்தையில் பேசி முடித்திருப்பேன். வானிலை நிலையத்தின் சாட்டிலைட் போன் புயலைப் பற்றிப் பேசத்தான், அக்கா தம்பி பேச இல்லை என்று நீ சொன்னதால் சரக்குப் படகை நம்பிப் பேனா எடுத்திருக்கிறேன்.

விஷயம் இதுதான். எங்கள் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் தாய், தகப்பன், டாக்டர் எல்லாம் நான்தான் என்பது உனக்குத் தெரியும். புது வருஷம் பிறந்ததிலிருந்து காலையில் யாராலும் உள்ளே நுழைய முடியவில்லை. ஆட்கள் நுழைந்துவிடுகிறார்கள், கம்ப்யூட்டருக்குள்தான் நுழைய முடியவில்லை. பெயரையும் பாஸ்வேர்டையும் அடித்தால் 'நல்வரவு' என்று சொல்லிவிட்டு ஒரு வட்டம் சுற்ற ஆரம்பிக்கிறது. சுற்றும், சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். போய்க் காபி குடித்து, கப்பைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தாலும் அதே வட்டம். கவுன்டருக்கு வெளியே கைக்குழந்தையோடு நிற்பவர்களும், இறப்புச் சான்றிதழுக்காக நிற்பவர்களும் எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இன்டர்நெட் கம்பெனிக்காரரைக் கூப்பிட்டேன். வந்தார், தன் லேப்டாப்பை மாட்டி எதையோ அளந்தார், "லைன் பிரமாதமா இருக்கு மேடம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

தீவுக்குப் போவதற்கு முன்னால் நீ பார்த்தது இந்த வேலைதானே. எங்கிருந்து தொடங்குவது என்று எழுது. கொஞ்சம் சீக்கிரம் எழுது. அவசரம் என்று இல்லை, தெரிந்துகொள்ளத்தான்.

உடம்பைக் கவனித்துக்கொள்.

அன்புடன்
அக்கா

பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

தொண்டை சரியாகிவிட்டது. துணி சுற்றவில்லை, சமையல்காரர் கொடுத்த வெந்நீரைக் குடித்தேன். நீயும் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. படி ஏறுவதைக் குறை என்று சொல்லமாட்டேன், வீடே மாடியில் இருக்கும்போது அது வெறும் பேச்சு.

உன் கடிதத்தைப் படகுத்துறையிலேயே நின்று படித்தேன். இங்கே நாங்கள் மூன்றே பேர். கருவிகளைப் பார்த்துக்கொள்ள நான், காற்றையும் மழையையும் அளந்து எழுத ஒருவர், சமைக்க ஒருவர். பேச இருந்ததையெல்லாம் எப்போதோ பேசித் தீர்த்துவிட்டோம். இப்போது உன் வட்டம் சுற்றும் கம்ப்யூட்டர் வந்து எங்கள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்துகொண்டது. "எலி ஒயரைக் கடிச்சிருக்குமோ?" என்று சமையல்காரர் நேற்றுக்கூடக் கேட்டார். காற்று அளப்பவர் அதை ஒத்துக்கொள்ளவில்லை. எலி கடித்தால் அறவே நின்றுபோகும், மெதுவாகாது என்றார். எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது.

சில கேள்விகள். காலையில் முதல் தடவை மட்டும்தான் மெதுவா, இல்லை மத்தியானம் வெளியே வந்து மறுபடி நுழைந்தாலும் மெதுவா? உள்ளே போனபிறகு வேலை ஒழுங்காக ஓடுகிறதா? யாராவது கம்ப்யூட்டரின் முகப்பில் வீட்டுச் சாமான் மொத்தத்தையும் பரப்பி வைத்திருக்கிறார்களா? சில அலுவலகங்களில் லாகின் செய்யும்போது அத்தனையும் சர்வரிலிருந்து இறங்கி வந்தாக வேண்டும். போட்டோ, பாட்டு என்று அடைத்துவைத்திருந்தால் வட்டம் சுற்றத்தான் செய்யும். முதலில் அதைப் பார்.

என் வீட்டுக்காரி எப்படி இருக்கிறாள்? உனக்குக் கீழ்வீட்டில்தானே இருக்கிறாள், நீ பார்ப்பாய். அவள் கடிதங்கள் இப்போது சின்னதாகிக்கொண்டே வருகின்றன. உங்கள் அலுவலகத்தில் வேலை அதிகமோ?

அன்புடன்
தம்பி

மார்ச் 5

அன்புள்ள தம்பிக்கு,

ஒத்தடம் கொடுத்தேன், கால் கொஞ்சம் சமாதானமாகியிருக்கிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன்.

நீ சொன்னபடி ஒவ்வொரு மேஜையாகப் போய்ப் பார்த்தேன். நம்ப மாட்டாய். எங்கள் தலைமை எழுத்தர் அம்மா தன் பையன் கல்யாண ஆல்பம் முழுவதையும் கம்ப்யூட்டர் முகப்பில் வைத்திருக்கிறார். மாப்பிள்ளை சட்டைப் பொத்தான் போடுகிற படம் மட்டுமே வரிசையாகப் பதினைந்து. "அழிச்சிடாதேம்மா, நல்லா இருப்பே" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அழிக்கவில்லை, வேறு இடத்துக்கு மாற்றிவைத்தேன். இரண்டாவது மேஜையில் இருப்பவரை நாங்கள் வானொலி என்று கூப்பிடுவோம், வாய் மூடாத மனிதர். அவரிடம் பாட்டு அடுக்கடுக்காக இருந்தது. அதையும் ஒதுக்கினேன். எல்லாரும் என்னை வீடு காலி செய்யச் சொல்ல வந்தவள் மாதிரி பார்த்தார்கள்.

பலன் என்ன என்றால், அந்த அம்மாவின் வட்டம் ஏதோ கொஞ்சம் குறைந்திருக்கிறது. மற்றவர்களுக்கு அதே கதைதான். உன் மற்றக் கேள்விகளுக்குப் பதில்: மத்தியானமும் மெதுவாகத்தான் திறக்கிறது. உள்ளே போய்விட்டால் குதிரை மாதிரி ஓடுகிறது.

நீ சிரிக்க ஒரு செய்தி. ஒரு பஸ் டிரைவர் இங்கே நாள் தவறாமல் வருகிறார். அவர் இறந்துவிட்டதாக எங்கள் பதிவில் ஏறிவிட்டது. அதே பெயரில், அதே தகப்பனார் பெயரில் ஒரு பெரியவர் இறந்திருக்கிறார். யாரோ பட்டியலில் ஒரு வரி தள்ளி அமுக்கிவிட்டார்கள். லைசென்ஸ் அலுவலகத்துக்குத் தகவல் தானாகப் போய், உயிரோடு இருக்கிற மனிதரின் லைசென்ஸை ரத்துசெய்துவிட்டார்கள். தினமும் வந்து கவுன்டரில் கையை ஊன்றி, "நான் இன்னைக்கும் வந்திருக்கேன், பார்த்துக்குங்க" என்கிறார். கோபப்படுவதுகூட இல்லை, அதுதான் எனக்குச் சங்கடம். விசாரணை முடிகிறவரை அந்தப் பதிவை யாரும் தொடக்கூடாது என்று மேலிடத்து உத்தரவு.

உன் வீட்டுக்காரி நன்றாக இருக்கிறாள். வேறென்ன எழுத.

அன்புடன்
அக்கா

மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் சுகம். மூன்று நாளாகக் காற்று ஓயவில்லை, அதனால் தூக்கம் மட்டும் பாக்கி. உன் கால் சமாதானம் நீடிக்கட்டும்.

டிரைவர் கதையை வாசித்துச் சமையல்காரர் சிரித்தார், காற்று அளப்பவர் சிரிக்கவில்லை. பாவம், அவர் பஸ்ஸை இப்போது யார் ஓட்டுகிறார்கள் என்று கேட்டார். எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை.

சரி, ஆல்பம் குற்றவாளி இல்லை. அப்படியானால் நான் தேடும் வழியை மாற்றுகிறேன். நோயாளியையே பார்த்துக்கொண்டிருக்காமல் நோய் வராதவனைத் தேடு. உங்கள் அறையில் சட்டென்று திறக்கிற கம்ப்யூட்டர் ஒன்றாவது இருக்கிறதா? இருந்தால் அதற்கும் மற்றவற்றுக்கும் என்ன வித்தியாசம் என்று பார். இன்னொன்று. புது வருஷத்தில் அலுவலகத்தில் என்ன மாறியது? எதுவும் மாறவில்லை என்று எல்லாரும் சொல்வார்கள். நம்பாதே.

இன்னொரு சின்ன விஷயம். என் வீட்டுக்காரி போன கடிதத்தில், சமையலறை ஜன்னலுக்குத் தினமும் பதினோரு மணிக்கு ஒரு சாம்பல் பூனை வருகிறது என்று எழுதியிருந்தாள். அழகாக எழுதியிருந்தாள், இரண்டு முறை படித்தேன். மூன்றாவது முறை படிக்கும்போதுதான் தோன்றியது. பதினோரு மணிக்கு அவள் அலுவலகத்தில் அல்லவா இருக்க வேண்டும்? பூனை வருவது அவளுக்கு எப்படித் தெரிகிறது?

அன்புடன்
தம்பி

ஏப்ரல் 2

அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகம். நீயும் நன்றாகத் தூங்கு. இன்றைக்கு அதிகம் எழுத நேரமில்லை.

நோய் வராதவன் இருக்கிறான். ஒரே ஒரு மேஜை. பாஸ்வேர்டு அடித்துக் கையை எடுப்பதற்குள் திறந்துவிடுகிறது. சான்றிதழ் அச்சடிக்கிற பெரிய பிரிண்டருக்குப் பக்கத்து மேஜை. ராசியான இடம் என்கிறார்கள் இங்கே. காலையில் யாராவது ஒருவர் அதைத் திறந்துவைத்தால், மற்றவர்கள் தங்கள் வட்டம் நிற்கிறவரை அங்கே வந்து வேலையைப் பார்த்துவிட்டுப் போவார்கள். அவரவர் பெயரில் நுழைய வேண்டும் என்றுதான் விதி. ஆனால் திறந்திருப்பதை மூடி மறுபடி திறக்க யாருக்குப் பொறுமை?

கேபிளை மாற்றி மாட்டிப் பார்த்தேன். அதே வேகம். மின்சாரப் பிளக்கை மாற்றினேன். அதே வேகம். நாற்காலியைக்கூட மாற்றிவிட்டேன், பைத்தியம் மாதிரி.

மாறியது என்ன என்று கேட்டாயே. புது வருஷத்தில் புது இன்டர்நெட் லைன் வந்தது. அதோடு ஒரு வெள்ளைப் பெட்டி. சுவரில் மாட்டிவிட்டுப் போனார்கள். அவ்வளவுதான்.

அன்புடன்
அக்கா

ஏப்ரல் 16

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலமாகத்தான் இருக்கிறேன். நீ இருக்கிறாயா என்று இந்த முறை உண்மையாகவே கேட்கிறேன்.

முதலில் உன் கம்ப்யூட்டர். கிட்டத்தட்டப் பிடித்துவிட்டோம் என்று நினைக்கிறேன். காலையில் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் கண் விழித்ததும், "சர்வர் எந்த முகவரியில் இருக்கிறது?" என்று யாரிடமாவது கேட்கும். யாரிடம் கேட்க வேண்டும் என்று அதற்கு முதலிலேயே சொல்லி வைத்திருப்பார்கள். முன்பெல்லாம் உங்கள் சர்வரையே கேட்டன. புதிதாக வந்த வெள்ளைப் பெட்டி, "இனிமேல் என்னைக் கேளுங்கள்" என்று எல்லாக் கம்ப்யூட்டருக்கும் சொல்லியிருக்கும். அந்தப் பெட்டிக்கு ஊர் உலகத்து முகவரி எல்லாம் தெரியும், அடுத்த அறையில் இருக்கிற உங்கள் சர்வரைத் தெரியாது. வெளியெல்லாம் விசாரித்துவிட்டு, தெரியவில்லை என்று கையை விரிக்கும். கம்ப்யூட்டர் விடாமல் மறுபடி கேட்கும், பிறகு வேறு வழிகளில் தேடிக் கடைசியில் எப்படியோ வீடு போய்ச் சேரும். அதுவரைக்கும்தான் உன் வட்டம்.

பிரிண்டர் பக்கத்துக் கம்ப்யூட்டருக்கு மட்டும், பிரிண்டரை மாட்டியபோது யாரோ எல்லா எண்ணையும் கையால் அடித்து நிரந்தரமாக வைத்திருக்க வேண்டும். அதனால் பெட்டி சொன்னது அதன் காதில் ஏறவில்லை. பழையபடி சர்வரையே கேட்கிறது. இரண்டு கம்ப்யூட்டரின் அமைப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து பார், தெரிந்துவிடும்.

இப்போது மற்றது. உங்கள் அலுவலகத்துக்கு நான் ஒரே ஒரு முறைதான் வந்திருக்கிறேன். ஆனாலும் பெரிய பிரிண்டர் பக்கத்தில், மூன்றாவது மேஜையில் யார் உட்கார்ந்திருந்தாள் என்பதை நான் மறப்பேனா? அது என் வீட்டுக்காரியின் மேஜை. நீ கேபிளை மாற்றியபோதும் நாற்காலியை மாற்றியபோதும் அவள் எங்கே இருந்தாள்? ஒரு வரியில்கூட அவள் வரவில்லை. நீயும் அவளும் ஒரே அறையில் வேலை பார்க்கிறீர்கள், அக்கா. பூனையைப் பற்றிக் கேட்டேன், அதற்கும் பதில் இல்லை.

அவளுக்கு உடம்பு சரியில்லையா? எதுவாக இருந்தாலும் எழுது.

தம்பி

ஏப்ரல் 30

அக்காவுக்கு,

இன்றைக்குப் படகு வந்தது. அரிசி வந்தது, பேட்டரி வந்தது, காற்று அளப்பவருக்கு அவர் மகளிடமிருந்து கடிதம் வந்தது. உன்னிடமிருந்தும் இல்லை, அவளிடமிருந்தும் இல்லை.

நான் நலம். நீங்கள் இருவரும் நலம் என்று யாராவது ஒருவர் எழுதினால் போதும்.

தம்பி

மே 9

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் இதைப் படி. அவளுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. எனக்கும் ஒன்றுமில்லை. உன்னைப் பதறவிட்டதற்கு என்னைத் திட்டிக்கொள்.

சொல்லமாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். உன் இரண்டு கடிதங்களையும் அவளிடமே கொண்டுபோய்க் கொடுத்து, இனி என்னால் முடியாது என்றேன். படித்துவிட்டு இரண்டையும் மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு, "எழுதிடுங்க அண்ணி" என்றாள்.

அந்த டிரைவர் இறந்ததாகப் பதிவு ஏறியது அவளுடைய பெயரில். ஜனவரிக் கடைசியிலேயே அவளை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். அன்றிலிருந்து வீட்டில்தான் இருக்கிறாள். பூனை அப்படித்தான் தெரியும்.

அவள் அதை அடிக்கவில்லை. கவுன்டரில் நிற்பவர்கள் காத்திருக்கக் கூடாது என்று தினமும் சீக்கிரம் வந்து தன் கம்ப்யூட்டரைத் திறந்துவைப்பாள். யாராவது ஒருவர் திறந்துவைத்தால் மற்றவர்களும் அதில் வந்து அடித்துக்கொள்வார்கள் என்று எழுதினேனே, அது அவளைப் பற்றித்தான். யாரோ அவள் பெயரில் திறந்திருந்ததில் அந்த வரியை அமுக்கிவிட்டார்கள். விசாரணையில் ஒவ்வொருவரையும் கேட்டார்கள். எல்லாரும் ஒரே குரலில், அவரவர் மேஜையில்தான் வேலை பார்க்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். அடுத்தவர் லாகினில் வேலை பார்ப்பதே குற்றம், அதை ஒத்துக்கொண்டால் தங்கள் தலையும் உருளும் என்ற பயம். நான் சொன்னேன். நீங்கள் நாத்தனார், அப்படித்தான் சொல்வீர்கள் என்று விட்டுவிட்டார்கள். இதில் வேடிக்கை, இப்போதும் எல்லாரும் அதே மூன்றாவது மேஜையைத்தான் சுற்றுகிறார்கள். வானொலி தன் பெயரில் திறந்துவைக்கிறார், மற்றவர்கள் அடிக்கிறார்கள்.

அதனால்தான் உன்னைக் குடைந்தேன். இந்த வட்டம் ஏன் சுற்றுகிறது என்று காட்டினால், ஏன் எல்லாரும் அவள் மேஜைக்குப் போனார்கள் என்றும் காட்டிவிடலாம் என்று ஒரு நம்பிக்கை.

நீ சொன்னது அப்படியே சரி. இரண்டு கம்ப்யூட்டரையும் திறந்து பார்த்தேன். மூன்றாவது மேஜையில் கையால் அடித்த எண், மற்றதிலெல்லாம் வெள்ளைப் பெட்டி கொடுத்த எண். பெட்டியில் ஒரு மாற்றம், சர்வரில் ஒரு மாற்றம் செய்தால் தீர்ந்தது.

ஆனால் நான் செய்யவில்லை, தம்பி. சரி செய்துவிட்டால் நாளைக்கே எல்லாம் சட்டென்று திறக்கும். அப்புறம் நான் யாரிடம் போய் எதைக் காட்டுவது? எங்கேம்மா மெதுவாக இருக்கிறது, எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது என்பார்கள். அதனால் தெரிந்தும் விட்டுவைத்திருக்கிறேன். காலையில் வரிசையில் நிற்பவர்களைப் பார்க்க முடியவில்லை. நேற்று ஒரு பெண் பச்சைக் குழந்தையைத் தோள் மாற்றித் தோள் மாற்றி நின்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டு பிரிண்டருக்குத் தாள் வைத்தேன்.

நான் செய்வது சரியா என்று எழுது.

அன்புடன்
அக்கா

மே 20

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. மனது பற்றி எழுதாமல் விடுகிறேன்.

உன் கடிதம் வந்ததும் மேலதிகாரியிடம் லீவு கேட்டு எழுதினேன். படகு கிளம்பும்வரை அதைக் கையில் வைத்திருந்தேன், கொடுக்கவில்லை. நான் வந்து நின்றால் அவளுக்கு உதவியா, இல்லை என் கோபத்துக்கு உதவியா என்று எனக்கே தெரியவில்லை. இத்தனை மாதம் நான் பூனையைப் படித்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அதுதான் ஆறவில்லை. அவளிடம் இதைச் சொல்லாதே. நானே எழுதிக்கொள்கிறேன்.

நீ கேட்டதற்குப் பதில். விட்டுவைத்தது எனக்குப் பிடிக்கவில்லை. உன் இடத்தில் இருந்தால் நானும் அதையேதான் செய்திருப்பேன். ஆனால் நாள் வளர்த்தாதே. யாரையும் பொறி வைத்துப் பிடிக்கவும் வேண்டாம். விசாரணை அதிகாரியிடம் நேராகப் போ. அறிக்கை, விளக்கம் எல்லாம் வேண்டாம், ஒரு காலை வேளை வந்து எங்கள் நாற்காலியில் உட்கார்ந்து நீங்களே பாஸ்வேர்டு அடித்துப் பாருங்கள் என்று சொல். கம்ப்யூட்டர் தெரியாதவருக்கும் காத்திருப்பது என்றால் என்ன என்று தெரியும். அவர் பார்த்த கையோடு, அவர் முன்னாலேயே சரி செய்துவிடு. அவர் என்ன முடிவு செய்தாலும் சரி செய்துவிடு.

அவளைச் சாப்பிடச் சொல். நீயும் சாப்பிடு.

தம்பி

ஜூன் 12

அன்புள்ள தம்பிக்கு,

எல்லாரும் சுகம். இன்றைக்கு இந்த வார்த்தையை மனதார எழுதுகிறேன்.

அதிகாரி முதலில் வர மறுத்தார். லாகின் மெதுவாக இருப்பதற்கும் ஒரு மனிதரைச் சாகடித்ததற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார். வந்து உட்கார்ந்தால் தெரியும் சார் என்றேன். எதை நினைத்தாரோ, போன வாரம் ஒரு நாள் கதவு திறக்கிற நேரத்துக்கே வந்து நின்றார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருக்கிற மனிதர். அவரைப் பார்த்ததும் எல்லாரும் அவரவர் மேஜையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்துகொண்டார்கள். மூன்றாவது மேஜை காலி.

முதல் மேஜையில் அவரை உட்காரவைத்து, அவருக்கென்று ஒரு பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தேன். அடித்தார். வட்டம் சுற்ற ஆரம்பித்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டார். மறுபடி கழற்றினார். வெளியே வரிசை வளர்ந்தது. வரிசையின் முன்னால் நம் டிரைவர், கையை ஊன்றிக்கொண்டு. பின்னால் எங்கேயோ ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. யாரும் பேசவில்லை. அந்த மௌனத்தை வானொலியால் தாங்க முடியவில்லை.

"சார், அதுல உட்கார்ந்தா இன்னைக்கு வேலை நடக்காது. மூணாவதுக்கு வாங்க, சட்டுனு வந்துடும். நாங்க எல்லாரும் அதுலதான்" என்றவர் அப்படியே நின்றுவிட்டார்.

அதிகாரி திரும்பிப் பார்த்தார். "நாங்க எல்லாரும்னா?"

வானொலி தன் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் தலைமை எழுத்தர் அம்மாதான் எழுந்தார். "நானும்தான் சார்" என்றார். பிறகு நான்காவது மேஜை எழுந்தது. பிறகு மற்றவர்கள்.

"அந்தப் பதிவு ஏறின அன்னைக்கும்?"

"அன்னைக்கும்தான். அந்த நேரத்துல அவ மேஜையிலயே இல்லை. கூட்டம் அதிகம்னு நான்தான் அவளைக் கவுன்டர்ல நிறுத்தினேன்."

"இதை அப்பவே ஏன் சொல்லலை?"

"பயம் சார்," என்றார் அந்த அம்மா. அழவில்லை. வேறு காரணமும் சொல்லவில்லை.

யார் அமுக்கியது என்று அதிகாரி கேட்டார். அதற்கு மட்டும் பதில் வரவில்லை. அவரும் அதற்குமேல் கேட்கவில்லை.

நான் எழுந்துபோய் வெள்ளைப் பெட்டியின் முகவரி கொடுக்கிற வேலையை நிறுத்தி, அதைச் சர்வரிடமே திருப்பிக் கொடுத்தேன். முதல் மேஜையை அணைத்துத் திறந்து, அதிகாரியை மறுபடி அடிக்கச் சொன்னேன். வட்டம் தலைகாட்டியது, போய்விட்டது. "இவ்வளவுதானா?" என்றார். இவ்வளவுதான் சார் என்றேன். இது உங்களுக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டார். பொய் சொல்ல வாய் வரவில்லை. ஒரு மாதத்துக்கு மேலாகத் தெரியும் என்றேன். என்னைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்தார்.

அவளுடைய சஸ்பென்ஷன் உத்தரவை ரத்து செய்துவிட்டார்கள். எனக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்திருக்கிறது. தெரிந்தே பொதுமக்களைக் காக்கவைத்தது ஏன் என்று. நியாயமான கேள்விதான். பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன், இன்னும் முதல் வரியே சரியாக வரவில்லை.

மீதியை அவளே உனக்கு எழுதுவாள்.

அன்புடன்
அக்கா

ஜூலை 3

உங்களுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். நீங்கள் கேட்டபடி நன்றாகச் சாப்பிடுகிறேன், அண்ணி வேறு ஆளை விடமாட்டேன் என்கிறார். உங்களுக்குத் தூக்கம் வருகிறதா?

உங்கள் கடிதம் வந்தது. கோபத்தை மறைத்து எழுதியிருந்தீர்கள், ஆனால் பேனா அழுந்தியிருந்தது தாளின் பின்பக்கத்தில் தெரிந்தது. கோபப்படுங்கள். உங்களுக்கு உரிமை உண்டு.

ஏன் மறைத்தேன் என்று கேட்டீர்கள். சொல்லியிருந்தால் அடுத்த படகில் வந்திருப்பீர்கள். வந்து எனக்காகப் பேசியிருப்பீர்கள், நன்றாகவும் பேசியிருப்பீர்கள். அதன்பிறகு நான் எப்போதும் கணவன் வந்து மீட்டுக்கொடுத்தவளாக இருந்திருப்பேன். நான் செய்யவில்லை என்று நானே சொல்ல வேண்டும், அதை நம்புகிறார்களா என்று பார்க்க வேண்டும் என்றிருந்தது. நம்பவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தது நான் நினைத்ததைவிடக் கஷ்டமாக இருந்தது. பூனையைத் தவிர எழுத ஒன்றும் இல்லாமல்தான் பூனையை எழுதினேன். பொய் எழுதக் கூடாது என்று ஒரு பிடிவாதம்.

திரும்பிப் போன முதல் நாள் எனக்குக் கிடைத்த முதல் வேலை அந்த டிரைவர். இறந்தவரை உயிர்ப்பிக்க எங்கள் கம்ப்யூட்டரில் பொத்தான் கிடையாது. இறப்பை ரத்து செய்து, காரணம் எழுத வேண்டும். அவர் கவுன்டருக்கு வெளியே நின்றுகொண்டு, "நல்லா பார்த்து அடிம்மா, இன்னொரு தடவை போய்ச் சேர எனக்குத் தெம்பில்லை" என்றார். நான் சிரித்துவிட்டேன். பிறகு அழுதும்விட்டேன். அவர் அதைப் பார்க்காத மாதிரி சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படித்தார். லைசென்ஸ் திரும்பி வந்துவிட்டதாம். நேற்று பஸ்ஸை எங்கள் வாசல் வழியாக ஓட்டிப்போகும்போது ஒரு முறை ஹார்ன் அடித்தார்.

அலுவலகம் மாறிவிட்டது. எல்லாக் கம்ப்யூட்டரும் சட்டென்று திறக்கின்றன, அதனால் காலையில் யாரும் என் மேஜையைச் சுற்றி நிற்பதில்லை. முன்பு அந்த நேரத்தில்தான் எல்லார் வீட்டுக் கதையும் காதில் விழும். இப்போது விசைப்பலகைச் சத்தம் மட்டும்தான். எனக்கும் யாரிடமும் என்ன பேசுவது என்று தெரியவில்லை. என் மேஜையைப் பார்க்கும்போது அவர்கள் முகம் மாறுகிறது, அவர்களைப் பார்க்கும்போது என் முகமும் மாறத்தான் செய்யும்.

போன வாரம் ஒருவர் என் மேஜைக்கு வந்தார். மத்தியானம், மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். நின்றார். நாற்காலியை இழுத்துப் போட்டேன், உட்காரவில்லை. "நான்தான்" என்றார். அன்றைக்கே தெரியுமாம், திரையைப் பார்த்துக்கொண்டே தப்பான வரியை அமுக்கியதும் தெரியுமாம். திருத்துவதற்குள் யாரோ பின்னாலிருந்து அவசரப்படுத்தியிருக்கிறார்கள், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்துவிட்டாராம். அப்புறம் வாயைத் திறக்க முடியவில்லையாம்.

நான் நிறையப் பேசுவேன் என்று நினைத்திருந்தேன். இத்தனை மாதமாக மனதுக்குள் எழுதி எழுதி வைத்திருந்த வசனம் எவ்வளவோ உண்டு. ஒன்றும் வரவில்லை. பரவாயில்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை, ஏனென்றால் பரவாயில்லை இல்லை. இரண்டு பேருக்கும் காபி வாங்கிக்கொண்டு வந்தேன். குடித்தோம். அதிகாரியிடம் போய்ச் சொல்கிறீர்களா என்று கேட்டேன். நீ சொல்லச் சொன்னால் சொல்கிறேன் என்றார். அது உங்கள் விஷயம் என்றேன். இதுவரை சொன்னதாகத் தெரியவில்லை.

அவர் யார் என்று நீங்கள் கேட்பீர்கள். உங்களுக்கு எதையும் கண்டுபிடிக்காவிட்டால் தூக்கம் வராது. அண்ணியும் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார். சொல்லமாட்டேன். இந்த முறை மறைக்கவில்லை, மறைக்கிறேன் என்று சொல்லியே மறைக்கிறேன்.

வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வராதீர்கள். ஒப்பந்தம் முடிந்து, உங்கள் இரண்டு நண்பர்களிடமும் நன்றாகச் சொல்லிக்கொண்டு வாருங்கள். நான் துறைக்கு வருகிறேன்.

'நான்தான்' என்றவர் தினமும் காலையில் தன் மேஜையில் உட்கார்ந்து, பாஸ்வேர்டு அடிக்க விரலை வைத்துக்கொண்டு, ஒரு நொடி என் பக்கம் பார்க்கிறார். முதல் சில நாள் நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். இன்றைக்குத் தலையசைத்தேன். அதன்பிறகுதான் அடித்தார்.

உங்கள்
வீட்டுக்காரி